ஊருக்கு ஊர் கிளை: தனித்தடமா, பொதுத்தடமா?

ஒரு நிறுவனத்துக்குச் சென்னையில் தலைமையகம். கோவையிலும் புணேயிலும் கொல்கத்தாவிலும் கிளைகள். நான்கு ஊர்க் கணினிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல் இயங்க வேண்டும். அதற்கு நிறுவனம் தனக்கென்று தனித்தடம் வாடகைக்கு எடுக்க வேண்டுமா, அல்லது பலரும் பகிரும் பொது வலையமைப்பிலேயே தன் தரவையும் அனுப்பலாமா? அரை நூற்றாண்டாக இந்தக் கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வருகிறது. பத்தாண்டுக்கு ஒரு தொழில்நுட்பம் வந்து விவாதத்தை முடித்துவைத்ததாகச் சொல்லும்; அடுத்த பத்தாண்டில் அதே விவாதம் வேறு பெயரில் தொடங்கும்.

அந்த விடைகள் ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் பிறந்தன, எதைச் சாதித்தன, எங்கே இடறின என்று இக்கட்டுரை பார்க்கிறது. விவாதம் பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் சுற்றியே நடந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் முடிவைத் தீர்மானித்ததில் இன்னொன்றுக்கும் கணிசமான பங்கு உண்டு: தரவு நேரத்துக்குப் போய்ச் சேரும், நடுவில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதியை யார் தருவது, அது தவறினால் யார் பதில் சொல்வது என்பதுதான் அது.

கேள்வி பிறந்த இடம்

கிளை அலுவலகத்தில் ஒரு முனையம் மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய சிக்கலாக இல்லை. முனையம் தலைமையகத்துப் பெருங்கணினிக்குச் சில எழுத்துகளை அனுப்பும், சில வரிகளைப் பெறும். வினாடிக்கு 9,600 பிட் கிடைத்தாலே வேலை நடந்தது. 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஈதர்நெட் வரையறையை வெளியிட்ட பிறகு கட்டடத்துக்குள் வினாடிக்கு 10 மெகாபிட் ஓடத் தொடங்கியது. ஊருக்கு ஊர் நிறுவனங்கள் வழக்கமாக வாங்கியதோ 56 அல்லது 64 கிலோபிட். உள்ளே ஓடியதில் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்குக்குத்தான் வெளியே வழி இருந்தது. இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிகளின் வரலாறுதான் பின்னால் வருவது.

தனித்தடம்: பழைய விடை

முதல் விடை லீஸ்டு லைன். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962-இல் தொலைபேசி நிலையங்களுக்கு நடுவே குரலைக் கொண்டுபோக டி1 என்ற எண்ணியல் தடத்தை அமைத்தது. 24 குரல் வழிகள் சேர்ந்து வினாடிக்கு 1.544 மெகாபிட். ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றிய இ1 தடத்தில் 2.048 மெகாபிட். பின்னாளில் இவையே நிறுவனங்களுக்கு வாடகைக்கு வந்தன.

தனித்தடத்தின் பலம் அதன் எளிமை. தாமதம் மாறாது, பிறருடைய நெரிசல் நம்மைத் தொடாது, லிங்க் டவுன் ஆனால் யாரை அழைப்பது என்பதில் குழப்பமில்லை. பலவீனங்களும் அதே அளவு தெளிவானவை. வாடகை தூரத்தைப் பொறுத்து ஏறும். இரவெல்லாம் தடம் சும்மா கிடந்தாலும் பணம் கட்ட வேண்டும். பத்து அலுவலகங்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 தடங்கள் வேண்டும், இருபதுக்கு 190. ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள் எல்லாக் கிளைகளையும் தலைமையகத்தோடு மட்டும் இணைத்தன. கோவையிலிருந்து புணேக்குப் போகும் கோப்பும் சென்னை வழியாகவே போகும். சென்னை ரூட்டர் படுத்தால் எல்லாம் படுக்கும்.

இந்தியாவில் விலை நீண்ட காலம் பெருந்தடையாகவே இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-இல் உள்நாட்டு லீஸ்டு லைன்களுக்கான உச்சவரம்புக் கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்த பிறகுதான் இ1 போன்ற தடங்கள் நடுத்தர நிறுவனங்களின் கைக்கு எட்டத் தொடங்கின.

எக்ஸ்.25: பொதுத்தடத்தின் முதல் வடிவம்

பகிர்ந்தால் செலவு குறையும் என்ற எண்ணமும் பழையதுதான். அமெரிக்காவில் டெலிநெட் 1975-இலும் பிரான்சில் டிரான்ஸ்பாக் 1978-இலும் பொதுச் சேவையாகத் தொடங்கின. இடையில் 1976-இல் எக்ஸ்.25 என்ற பன்னாட்டு நெறிமுறை ஏற்கப்பட்டது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஐ-நெட் சேவையும் இதே வழியில் அமைந்தது. எத்தனை தூரம் என்பதைவிட எவ்வளவு தரவு என்பதைப் பொறுத்துக் கட்டணம் வந்தது பெரிய மாற்றம்.

எக்ஸ்.25 இரைச்சல் மிகுந்த செப்புக் கம்பிகளை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வழியில் உள்ள ஒவ்வொரு நிலையமும் பொட்டலத்தைச் சோதித்து, பிழையிருந்தால் மறுபடி கேட்டு வாங்கி, அதன் பிறகே அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். வங்கிப் பரிவர்த்தனை, கடன் அட்டைச் சரிபார்ப்பு போன்ற சிறு செய்திகளுக்கு இது பொருந்தியது. முழுக் கோப்புகளை நகர்த்தும் உள் வலையமைப்புகளுக்கு இந்தச் சோதனையே சுமையானது. முனைகளில் உள்ள கணினிகள் டிசிபி நெறிமுறை மூலம் ஏற்கெனவே செய்த வேலையை வலையமைப்பும் செய்துகொண்டிருந்தது. ஒளியிழை பரவிப் பிழைகள் அருகியபோது எக்ஸ்.25-இன் அடிப்படை அனுமானமே பழையதாகிவிட்டது.

1990-களின் முப்போட்டி

ஒளியிழை தந்த நம்பிக்கையில் மூன்று பொதுச் சேவைகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் களமிறங்கின.

முதலாவது ஃப்ரேம் ரிலே. இடைநிலையச் சோதனையைக் கைவிட்டு, பிழையான சட்டகத்தை அப்படியே எறிந்துவிடும்; மறுபடி கேட்பது முனைகளின் பொறுப்பு. 1990-இல் சிஸ்கோ, டிஜிட்டல், ஸ்டிராட்டாகாம், நார்தர்ன் டெலிகாம் ஆகிய நான்கும் இதன் நடைமுறை வரையறையை முன்வைத்தன. மறு ஆண்டே அமெரிக்காவில் வில்டெல் வணிகச் சேவையைத் தொடங்கியது. ஒவ்வொரு மெய்நிகர் தடத்துக்கும் குறைந்தபட்ச வேகம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும்; நெரிசல் இல்லாதபோது அதற்கு மேலும் அனுப்பலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்கும் விமான நிறுவனத்தின் உத்தி இது. கணக்குப் பலித்தவரை இரு தரப்புக்கும் லாபம். பூஜ்ய உறுதி வேகத்துடன் மலிவுத் தடங்களை விற்றவர்களும் உண்டு.

இரண்டாவது, பெல் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான பெல்கோர் வடிவமைத்த எஸ்எம்டிஎஸ். கேட்ட கேள்விக்கு நேரான விடை இதுவே என்று பலர் கருதினர். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தொலைபேசி எண் போன்ற ஒரு முகவரியும் ஒரே ஓர் அணுகுதடமும் போதும். எந்தக் கிளையும் எந்தக் கிளைக்கும் நேரே அனுப்பலாம். 9,188 பைட் வரையிலான பொட்டலம் போகும் என்பதால் உள் வலையமைப்பின் சட்டகங்களை உடைக்க வேண்டியதில்லை. 45 மெகாபிட் தடத்தில் 4, 10, 16, 25, 34 மெகாபிட் என ஐந்து அணுகல் வகைகள் இருந்தன. 10 ஈதர்நெட்டின் வேகம். 4-உம் 16-உம் இன்னோர் உள் வலையமைப்பு முறையான டோக்கன் ரிங்கின் வேகம். அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று வலையமைப்பே சரிபார்க்கும். நிறுவனம் அனுமதித்த முகவரிகள் மட்டும் உள்ளே வரும்படி வடிகட்டவும் முடியும்.

இத்தனை இருந்தும் எஸ்எம்டிஎஸ் பரவவில்லை. காரணங்கள் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. 1984-இல் பெல் அமைப்பு பிரிக்கப்பட்டபோது உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் எல்லைப் பகுதிக்கு வெளியே தரவைக் கொண்டுபோகத் தடை விதிக்கப்பட்டது. நகரங்களை இணைக்கவென்று உருவான சேவையை, நகரத்துக்குள் மட்டும் விற்க அனுமதி பெற்றவர்கள் விற்றார்கள். தொலைதூர நிறுவனங்களில் எம்சிஐ போன்ற சிலவே அதை எடுத்துக்கொண்டன. இன்னொன்று, ஃப்ரேம் ரிலேக்குப் பெரும்பாலும் இருந்த ரூட்டரில் மென்பொருள் மாற்றம் போதும். எஸ்எம்டிஎஸ்ஸுக்குத் தனிக் கருவி வேண்டும். லீஸ்டு லைனுக்குப் பழகிய மேலாளர்களுக்கு ஃப்ரேம் ரிலேயின் நிலையான மெய்நிகர் தடங்கள் பழைய தடங்களைப் போலவே தெரிந்ததும் உதவியிருக்கலாம். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களை இணைத்த சூப்பர்ஜேனட் இதைப் பயன்படுத்தியதைப் பார்க்கும்போது, குறை வடிவமைப்பில் இருந்ததாகச் சொல்வது கடினம்.

மூன்றாவது ஏடிஎம். குரல், படம், தரவு மூன்றையும் 53 பைட் அளவுள்ள சிறு கலங்களாக்கி ஒரே வலையமைப்பில் அனுப்புவது இதன் நோக்கம். 48 பைட் சுமை என்பது 64 கேட்ட அமெரிக்கத் தரப்புக்கும் 32 கேட்ட ஐரோப்பியத் தரப்புக்கும் இடையிலான சமரசம். கலத்துக்கு 5 பைட் தலைப்பு என்பதால் தடத்தில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் தலைப்புக்கே போனது. ஏடிஎம் சேவை நிறுவனங்களின் முதுகெலும்பில் நன்றாக உழைத்தது. வாடிக்கையாளரின் மேசைவரை வரும் என்ற கனவு நிறைவேறவில்லை. மலிவான வேக ஈதர்நெட் அங்கே முந்திக்கொண்டது.

வென்றதும் ஃப்ரேம் ரிலே, பொதுத்தடத்தின் ஆபத்தைக் காட்டியதும் அதுவே. 1998 ஏப்ரல் 13 அன்று ஏடி அண்ட் டி-யின் ஃப்ரேம் ரிலே வலையமைப்பில் ஒரு சுவிட்சில் மேம்படுத்தும் பணி நடந்தபோது பிழைச் செய்திகள் பெருகி, வலையமைப்பு முழுவதும் ஸ்தம்பித்தது. முழுமையாக மீள 26 மணி நேரம் வரை ஆனது. கடைகளில் கடன் அட்டைச் சரிபார்ப்புகூட நின்றது. டயல்-அப் பேக்கப் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் எம்சிஐ வேர்ல்டுகாமின் சேவை பத்து நாள் அளவுக்குத் தடுமாறியதில் சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் சந்தையின் மின்னணு வர்த்தகமும் பாதிக்கப்பட்டது. தனித்தடம் அறுந்தால் ஓர் அலுவலகம் துண்டிக்கப்படும். பொது வலையமைப்பு சரிந்தால் அதை நம்பிய அத்தனை நிறுவனங்களும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும்.

வானவழி: இந்தியாவின் இடைக்கால விடை

நிலத்தடிக் கம்பிகள் நம்பத்தகாத இடத்தில் வேறொரு விடை எழுந்தது. 1994-இல் வர்த்தகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை, விசாட் எனப்படும் சிறு செயற்கைக்கோள் நிலையங்கள் மூலம் பல நகரங்களின் தரகர்களை மும்பையுடன் இணைத்தது. ரிசர்வ் வங்கியின் ஆதரவில் ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி அமைப்பு 1999-இல் தொடங்கிய இன்ஃபினெட் வங்கிகளை இதே முறையில் இணைத்தது. ஊர் எங்கே இருந்தாலும் கூரையில் ஒரு தட்டு போதும் என்பது பலம். 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்குவதால் போய்வர அரை வினாடியை ஒட்டிய தாமதம் தவிர்க்க முடியாதது. பங்கு ஆணைக்கும் ஏடிஎம் இயந்திரத்துக்கும் அது தாங்கும். கோப்புப் பகிர்வுக்குத் தாங்காது. கம்பி எட்டாத இடங்களிலும் பேக்கப் வழியாகவும் விசாட் இன்றும் நிற்கிறது.

எம்பிஎல்எஸ்: ஒப்பந்தத்தில் வந்த உறுதி

1999 மார்ச்சில் சிஸ்கோவின் எரிக் ரோசனும் யாக்கவ் ரெக்டரும் வெளியிட்ட ஆவணம் ஒன்று அடுத்த பதினைந்து ஆண்டுகளின் நடைமுறையை வகுத்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு லேபிள் ஒட்டி, சேவை நிறுவனத்தின் ரூட்டருக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வழி அட்டவணை வைப்பது எம்பிஎல்எஸ் என்ற இந்த முறையின் அடிப்படை. இரண்டு நிறுவனங்கள் ஒரே உள்முகவரிகளைப் பயன்படுத்தினாலும் ஒன்று மற்றொன்றைத் தொடாது. எந்தக் கிளையும் எந்தக் கிளையோடும் நேரே பேசலாம் என்று எஸ்எம்டிஎஸ் சொன்னது இங்கே வேறு உருவில் நடைமுறைக்கு வந்தது. குரலுக்கு முன்னுரிமை, தாமதத்துக்கு வரம்பு, தவறினால் கட்டணக் கழிவு என எல்லாம் எஸ்எல்ஏ என்ற சேவைத்தர ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன.

இதன் பலவீனங்களில் மூன்றைச் சொல்லலாம். முதலாவது, ஒப்பந்தம் தரும் ஈடு பொதுவாக வாடகையில் ஒரு பங்குதான். ஒரு நாள் வியாபாரம் நின்ற இழப்பை அது ஈடுகட்டாது. இரண்டாவது, லேபிள் பிரிக்கும், மறைக்காது. உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தரவு திறந்தே கிடக்கும். கூகுளின் தரவு மையங்களுக்கு இடையிலான தனித்தடங்களையே உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டன என்ற செய்தி 2013-இல் வெளிவந்தபோது, தனிமையும் இரகசியமும் ஒன்றல்ல என்பது பரவலாக உணரப்பட்டது. மூன்றாவது, நிறுவனங்களின் மென்பொருள் மேகக் கணினிக்கு நகர்ந்தபோது, கிளையின் தரவு முதலில் தலைமையகம் வந்து அங்கிருந்து இணையத்துக்குப் போவது வீண் சுற்றானது.

இணையமும் குறியாக்கமும்

எதிர்த்தரப்பு தொடக்கத்திலிருந்தே வேறு வழி சொன்னது: தடத்தை நம்பாதே, தரவைப் பூட்டு. 1995-இல் ஐபிசெக் நெறிமுறைகளின் முதல் வரையறைகள் வந்தன. 1998 நவம்பரில் அவை திருத்தி எழுதப்பட்டன. இரு முனைகளிலும் பூட்டித் திறந்தால், நடுவில் இருப்பது பொது இணையமாக இருந்தாலும் கவலையில்லை என்பது வாதம்.

இந்த வாதம் பூட்டின் வலிமையைப் பொறுத்தது. அன்றைய பொதுப் பூட்டான டெஸ் 56 பிட் சாவி கொண்டது. 1998 ஜூலையில் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் கட்டிய இயந்திரம் அதை 56 மணி நேரத்தில் உடைத்தது. இந்தியாவில் சிக்கல் வேறு விதம். இணையச் சேவை உரிம விதிகள் முன்அனுமதி இல்லாமல் 40 பிட் வரைதான் குறியாக்கத்தை அனுமதித்தன; அதற்கு மேல் போனால் சாவியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியோ 2001-இல் இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. ஒரே நாட்டின் இரண்டு அமைப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக வழிகாட்டியதால், முன்அனுமதி பெறாத வங்கி எந்த விதியை மீறுவது என்று தேர்ந்தெடுக்கும் நிலை உருவானது.

குறியாக்கத்துக்கு அன்றாட விலையும் உண்டு. சுருக்கிய குரல் பொட்டலம் ஒன்றில் 20 பைட் குரல், 40 பைட் தலைப்பு. ஐபிசெக் சேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெரிய பொட்டலங்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1,500 பைட் என்ற வழக்கமான வரம்பில் வரும் பொட்டலத்தோடு கூடுதல் தலைப்பு சேரும்போது அது வழியில் கொள்ளாது. 'சிறிதாக்கி அனுப்பு' என்று திரும்பி வரும் எச்சரிக்கையை ஏதாவது ஃபயர்வால் தடுத்துவிட்டால், பிங் போகும், ஃபைல் போகாது. நெட்வொர்க் பொறியாளர்களுக்கு மிகவும் பழகிய புகார் இது.

ஒப்பந்தத் தடத்துக்கும் பொது இணையத்துக்கும் நடுவே ஒரு சோதனை நடந்தது. அமெரிக்கக் கார்த் தொழில் 1990-களின் இறுதியில் ஏஎன்எக்ஸ் என்ற வலையமைப்பை அமைத்து, தரச் சான்று பெற்ற சேவை நிறுவனங்கள் வழியாக மட்டும் ஐபிசெக் மூலம் உதிரிபாக உற்பத்தியாளர்களை இணைத்தது. பொதுத்தடத்துக்கும் தரச் சான்று கேட்கலாம் என்று அது காட்டியது. ஆனால் அப்படிக் கேட்க ஒரு தொழில்துறையே ஒன்று சேர வேண்டியிருந்தது.

எஸ்டி-வான்: அளந்து தேர்ந்தெடுப்பது

2010-களின் நடுவில் வந்த எஸ்டி-வான் இரண்டு முகாம்களையும் கலந்தது. கிளையில் ஒரு பெட்டி. அதில் எம்பிஎல்எஸ், பிராட்பேண்ட், 4ஜி என எது இருந்தாலும் செருகலாம். பெட்டி ஒவ்வொரு வழியின் தாமதத்தையும் இழப்பையும் இடைவிடாமல் அளந்து, குரலை ஒரு வழியிலும் கோப்பை இன்னொரு வழியிலும் அனுப்பும். 2017-இல் சிஸ்கோ வைப்டெலாவையும் விஎம்வேர் வெலோகிளவுடையும் வாங்கியபின் இது பெருவணிகமானது.

ஆதரவாளர்கள் சொல்லும் செலவுச் சேமிப்பு பல இடங்களில் உண்மையாக இருக்கலாம். எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எஸ்டி-வான் இருக்கும் வழிகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும், கெட்ட வழியை நல்லதாக்காது. இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் மோசமானால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. 2019-இல் தொழில்துறை அமைப்பான மெஃப் இந்தச் சேவைக்கு ஒரு வரையறை தந்தது என்றாலும், ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் பெட்டியோடு பேசுவது இன்னும் இயல்பாகவில்லை. தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்திருந்த இடத்தில் மென்பொருள் நிறுவனத்தைச் சார்ந்திருப்பது வந்திருக்கிறது.

எல்லா விடைகளும் தாண்டாத இரண்டு தடைகள்

ஒன்று, தூரம். ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் தில்லிக்கும் 2,200 கிலோமீட்டர் கேபிள் என்றால், எவ்வளவு வேகத் தடம் வாங்கினாலும் போய்வர 22 மில்லிவினாடிக்குக் குறையாது. கருவிகளும் சுற்றுவழியும் சேர்ந்து 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பைத் திறக்க மென்பொருள் 500 முறை கேட்டுப் பதில் பெற வேண்டியிருந்தால், கட்டடத்துக்குள் அரை வினாடியில் முடிவது இங்கே 20 வினாடி எடுக்கும். டிசிபியின் பழைய 64 கிலோபைட் வரம்போடு இயங்கும் கணினி, அதே தூரத்தில் ஓர் இணைப்பில் 13 மெகாபிட்டுக்கு மேல் அனுப்பாது. தடம் 100 மெகாபிட்டாக இருந்தாலும் மீதி சும்மா கிடக்கும். பேண்ட்வித் கூட்டியும் வேகம் வரவில்லை என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு மூலம் இதுதான்.

மற்றொன்று, மண். 2001 ஜூலை 18 அன்று பால்டிமோர் நகரின் ஹோவர்டு தெருச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்தபோது, அதே சுரங்கத்தில் ஓடிய பல நிறுவனங்களின் ஒளியிழைகளும் சேர்ந்து எரிந்தன. இரண்டு சேவை நிறுவனங்களிடம் இரண்டு லிங்க் வாங்கியதாலேயே இரண்டு வழிகள் இருப்பதாக ஆகாது. இரண்டும் ஒரே பள்ளத்தில் போகலாம். ஒப்பந்தமோ குறியாக்கமோ அளவீடோ இதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

திறந்து கிடப்பவை

ஐம்பது ஆண்டுகளின் பாதையைச் சேர்த்துப் பார்த்தால், உறுதி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து வந்திருப்பது தெரிகிறது: முதலில் கம்பியில் இருந்தது, பிறகு ஒப்பந்தத்துக்கும், பிறகு சாவிக்கும், இப்போது அளவீட்டுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு நகர்விலும் செலவு குறைந்தது. கூடவே பொறுப்பின் ஒரு பகுதி சேவை நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளரிடம் வந்தது. லீஸ்டு லைனில் பழுதைக் கண்டுபிடிப்பது விற்றவரின் வேலை. எஸ்டி-வான் காலத்தில் மூன்று நிறுவனங்களின் லிங்க்குகளில் எது குற்றவாளி என்று நிரூபிப்பது பெரும்பாலும் வாங்கியவரின் வேலை. பெரிய வங்கிக்கு அதற்கு ஆள் இருக்கிறது. நான்கு கிளைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இருக்குமா என்பது ஐயம்.

தீராத கேள்விகளில் குறைந்தது மூன்று முக்கியமானவை. பல நிறுவனங்களின் வலையமைப்புகளைக் கடந்து செல்லும் ஒரு வழிக்கு முனைக்கு முனை உறுதி தர யார் முன்வருவார்? கேபிள் உண்மையில் எந்தத் தெருவழி போகிறது என்ற தகவலை, பாதுகாப்புக்கு ஊறு இல்லாமல் வாடிக்கையாளருக்குத் தருவது எப்படி? அரசின் கண்காணிப்புத் தேவையும் நிறுவனத்தின் இரகசியத் தேவையும் எங்கே சந்திக்கும்? 2020-இலும் 2021-இலும் கால் சென்டர்களுக்கான விதிகள் தளர்த்தப்பட்டன. 2022-இல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) பிறப்பித்த விபிஎன் (மெய்நிகர் தனி வலையமைப்பு) பதிவு உத்தரவு, நிறுவனங்களின் உள்விபிஎன்களுக்குப் பொருந்தாது என்று விளக்கப்பட்டது. இந்திய ஒழுங்குமுறை இளகும் திசையில் இருப்பதுபோல் இவை காட்டினாலும், குறியாக்கம் குறித்த தெளிவான பொதுக் கொள்கை இன்னும் வரவில்லை.

கேள்வியே கரைந்துவிட்டது என்ற வாதமும் உண்டு. கூகுள் 2014-இல் தொடங்கி விவரித்த பியாண்ட்கார்ப் முறையில் அலுவலக வலையமைப்புக்கென்று தனி நம்பிக்கை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பயனரும் கருவியும் ஒவ்வொரு முறையும் தங்களை நிரூபிக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளே கிளைகளானபோது இது வலுப்பெற்றது. ஆனால் தொழிற்சாலை, மருத்துவமனை, வங்கிக் கிளை ஆகியவை வீட்டுக்குப் போக முடியாதவை.

இப்போதைக்குக் கிடைக்கும் அனுபவம் கலப்பு ஏற்பாட்டையே ஆதரிக்கிறது: பெரும்பாலான தரவுக்குக் குறியாக்கம் செய்த பொதுத்தடம், நின்றால் தொழிலே நிற்கும் சிலவற்றுக்கு ஒப்பந்த உறுதியுள்ள தடம், இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு பாதையில் போகின்றன என்ற சரிபார்ப்பு. எந்த விகிதத்தில் கலப்பது என்பதற்குப் பொதுச் சூத்திரம் இல்லை. ஒரு மணி நேரம் லிங்க் இல்லாமல் போனால் தனக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிட்டு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, வேக அட்டவணையை மட்டும் ஒப்பிடும் நிறுவனத்தைவிடச் சரியான விகிதம் அமைய வாய்ப்பு அதிகம்.